வின்செஸ்டர் பேராலயத்தின் காலடியில்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எட்டு மாசம் இங்கிலாந்துல இருந்துட்டு வந்திருக்கே, பதினைந்து நிமிஷம் ஏதாவது பேசேன்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டுவிட்டார். லண்டனைப் பற்றிப் பேச இந்த அரங்கத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அதனால் லண்டனை விட்டுவிடுகிறேன். லண்டனிலிருந்து தென்மேற்கே ரயிலில் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய வின்செஸ்டர் என்ற சின்ன ஊருக்கு உங்களை அழைத்துப் போகிறேன். நான் சிவில் படித்தவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அஸ்திவாரத்தைப் பற்றித்தான் கேட்பேன். வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். இந்த ஊரில் மட்டும் அந்தப் புத்தி எனக்குக் கை கொடுத்தது.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வாட்டர்லூ ஸ்டேஷனில் வண்டி ஏறினேன். நல்ல குளிர், மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வின்செஸ்டரில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் ஊருக்கு நடுவில் இருக்கிறோம். சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஆனால் பழைய கௌரவம் பெரிது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு, 871 முதல் 899 வரை, வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்ஃப்ரெட் மன்னனுக்கு இதுதான் முக்கிய நகரம். கடைத்தெரு ஒரு சரிவாகக் கீழே இறங்குகிறது. அதன் அடிக்கோடியில், 1901-ல் வைத்த ஆல்ஃப்ரெட் சிலை வாளைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து நிற்கிறது. எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

ஊரின் மேல் பக்கத்தில் பழைய கோட்டையில் மிஞ்சியிருக்கும் பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் ஐந்தரை மீட்டர் குறுக்களவுள்ள ஓக் மர வட்ட மேஜை ஒன்றைக் கடிகாரம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்தர் ராஜாவின் வட்ட மேஜை என்று கதை. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள் அது 13-ஆம் நூற்றாண்டில் செய்தது என்று சொல்லிவிட்டார்கள். ஆர்தர் உண்மையிலேயே இருந்தவராக இருந்தாலும், அவருக்கும் இதற்கும் எழுநூறு எண்ணூறு வருஷ இடைவெளி. பெயிண்ட் அடித்தது எட்டாம் ஹென்றி காலத்தில். ஆர்தர் முகத்துக்குப் பதிலாக ஹென்றியின் முகத்தையே வரைந்துவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். ஒருவர் முகத்தில் இன்னொருவர் முகத்தை வைக்கிற வேலை இந்த ஊருக்குப் பழக்கமானது போலிருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, பேராலயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் கதீட்ரல் என்றால் பிஷப்பின் ஆசனம் இருக்கிற தலைமைத் தேவாலயம் என்று அர்த்தம். வின்செஸ்டர் கதீட்ரலை வெளியே இருந்து பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், பெரிய ஈர்ப்பு இல்லை. சாலிஸ்பரி மாதிரி வானத்தைக் குத்தும் கூம்பு கிடையாது. கோபுரம் குட்டையாக, கழுத்தே இல்லாத ஆள் போல உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போன பிறகுதான் வாய் திறக்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுமார் 170 மீட்டர்! நம்ம மெயின் பிளாக்கைத் தூக்கி உள்ளே வைத்தாலும் இரண்டு பக்கமும் நடக்க இடம் இருக்கும்.

1079-ல் வாக்கலின் என்ற பிஷப் கட்ட ஆரம்பித்தார். அவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கூரைக்கு மரம் வேண்டும் என்று மன்னரைக் கேட்டாராம். "மூன்று நாளில் எவ்வளவு வெட்ட முடியுமோ வெட்டிக்கொள்" என்று மன்னர் ஒரு காட்டைக் காட்டினாராம். வாக்கலின் ஊரில் இருந்த அத்தனை கோடாலிக்காரர்களையும் திரட்டி மூன்றே நாளில் காட்டையே காலி பண்ணிவிட்டாராம். டெண்டரில் ஒரு வரி சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1107-ல் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. ரூஃபஸ் என்று பேர் வாங்கிய இரண்டாம் வில்லியம் மன்னன் 1100-ல் வேட்டையில் அம்பு பட்டுச் செத்தான். அவனை அந்தக் கோபுரத்தின் அடியில்தான் புதைத்திருந்தார்கள். "பாவியைப் புதைத்ததால் கோபுரம் விழுந்தது" என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். எனக்கு ரூஃபஸ் மேல் சந்தேகமில்லை. தரை மேல்தான் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, படி இறங்கிக் கிரிப்ட் என்கிற நிலவறைக்குப் போனேன்.

நண்பர்களே, அந்த நிலவறையில் தண்ணீர் நிற்கிறது. கசிவு என்று நினைக்காதீர்கள். குளம் மாதிரி, அசையாமல், கண்ணாடி போலத் தண்ணீர். பக்கத்தில் இச்சென் என்ற ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போதெல்லாம் நிலவறை நிரம்பிவிடும். பார்வையாளர்கள் ஒரு சின்ன மேடையோடு நிற்க வேண்டியதுதான். வளைவுகளுக்கு நடுவே, அந்தத் தண்ணீரில், ஈயத்தால் செய்த ஒரு மனித உருவம் தனியாகத் தலை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆன்டனி கோர்ம்லி என்ற சிற்பி 1986-ல் செய்தது. எனக்கு நவீன சிற்பம் புரியாது. ஆனால் அங்கே கால் மணி நேரம் நின்றேன்.

தம்பி தங்கைகளே, இனிமேல்தான் விஷயம். கொஞ்சம் கவனியுங்கள், சாயில் மெக்கானிக்ஸ் அரியர் வைத்திருப்பவர்கள் இரண்டு பங்கு கவனியுங்கள்.

வாக்கலின் கட்டிய கட்டடத்துக்குக் கிழக்கே, 1200-களின் தொடக்கத்தில், டி லூசி என்ற பிஷப் ஒரு விரிவாக்கம் செய்தார். அங்கே தரை சதுப்பு. தோண்டினால் தண்ணீர். மேலே களிமண்; அதற்குக் கீழே பீட், அதாவது செடிகொடி மக்கி உண்டான கறுப்பு மண், கையில் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குவது; அதற்கும் கீழேதான் கெட்டியான சரளை. டி லூசியின் ஆட்களால் சரளை வரை போக முடியவில்லை. பம்பு இல்லாத காலம். பீச் மரக் கட்டைகளைப் படுக்கை வசத்தில் அடுக்கி, அந்தத் தெப்பத்தின் மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். ராஃப்ட் ஃபவுண்டேஷன்தான், நம் பாஷையில். மரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தவரை அழுகவில்லை. ஆனால் பீட் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போனது. எழுநூறு வருஷம் தாங்கியது என்பதே பெரிய விஷயம்.

1905-ல் விரிசல்கள் பயமுறுத்துகிற அளவுக்கு வந்துவிட்டன. கிழக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தாமஸ் ஜாக்சன் என்ற கட்டடக் கலைஞர் பள்ளம் தோண்டிப் பார்த்தார். பீட்டைக் குத்தியதும் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ் என்ற எஞ்சினியரை அழைத்தார்கள். லிவர்பூலில் மெர்சி ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் போட்ட வேலையில் இருந்தவர் அவர்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. தண்ணீர் வருகிறது, கீழே அஸ்திவாரம் போட வேண்டும், என்ன செய்வீர்கள்? பம்பு வைத்து இறைப்பீர்கள். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். பம்பு போட்டால் அந்தக் கட்டடம் போயிருக்கும். தண்ணீரோடு சேர்ந்து நுண்மணலும் வண்டலும் வெளியே வந்து சுவரின் அடி குடைந்துபோகும். அது மட்டுமில்லை, நீர் அழுத்தம் இறங்கினால், அதுவரை தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த பங்கும் சேர்ந்து மண்துகள்கள் மேல் ஏறி, பீட் மறுபடி அமுங்கும். எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் என்று நாம் இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோமே, அதுதான். டெர்சாகி அந்தச் சாஸ்திரத்தைப் புத்தகமாகப் போட்டதே 1925-ல். ஃபாக்ஸுக்குப் புத்தகம் இல்லை. சுரங்கத்தில் பட்ட அனுபவம் இருந்தது. தண்ணீரைத் தொடாதே, தண்ணீருக்குள்ளேயே வேலை செய் என்று முடிவு பண்ணினார். அதற்கு ஒரு டைவர் வேண்டும். டிரைவர் இல்லை, டைவர். பித்தளைத் தலைக்கவசம் போட்டு, மேலிருந்து குழாயில் காற்று வர, நீருக்குள் இறங்குகிற முக்குளிப்பாளர்.

அப்படி வந்தவர்தான் வில்லியம் வாக்கர். 1906-லிருந்து 1911 வரை, நாளுக்கு ஆறு மணி நேரம் வேலை. சுவரின் தெற்கிலும் கிழக்கிலும் மொத்தம் சுமார் 235 குழிகள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் வரை ஆழம். தண்ணீரில் பீட் கலந்து கறுப்பாக இருந்ததால் வெளிச்சமே இறங்காது. விளக்கும் பிரயோஜனமில்லை. ஐந்தரை வருஷம் அந்த மனிதர் கையால் தடவிப் பார்த்தே வேலை செய்தார். இருட்டில் பீட்டைத் தோண்டி மேலே அனுப்புவது. சரளை கைக்குத் தட்டுப்பட்டதும் அதன் மேல் கான்கிரீட் மூட்டைகளை நெருக்கமாக அடுக்குவது. மூட்டையைக் கத்தியால் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பது ஒன்றோடொன்று கலந்து இறுகிவிடும். அடியில் இப்படி ஒரு மூடி போட்டுவிட்டால், கீழிருந்து தண்ணீர் வராது. அதன் பிறகு தைரியமாகக் குழியை இறைத்துக் காயவிட்டு, கொத்தனார்கள் இறங்கி, கான்கிரீட் கட்டைகளும் செங்கலும் வைத்து, பழைய சுவரின் அடியில் போய் முட்டும் வரை கட்டுவார்கள். பிறகு அடுத்த குழி. ஒரே நேரத்தில் நீளமாகத் திறந்தால் சுவர் இறங்கிவிடும். துண்டு துண்டாகத்தான் போக வேண்டும். அண்டர்பின்னிங் செய்த அனுபவம் உள்ள அண்ணன்மார் இங்கே தலையாட்டுகிறார்கள். எத்தனை ராத்திரி தூக்கம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மொத்தக் கணக்கைக் கேளுங்கள்: சுமார் 25,000 மூட்டை கான்கிரீட், 1,15,000 கான்கிரீட் கட்டைகள், 9 லட்சம் செங்கல். மேலே சுவரின் விரிசல்களுக்குள் சிமெண்ட் பாலை அழுத்தத்தோடு செலுத்தினார்கள். நாம் கிரவுட்டிங் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

வாக்கரின் உடுப்பு மட்டும் தொண்ணூறு கிலோ. அதைக் கழற்றி மாட்டுவதே பெரிய வேலை என்பதால், இடைவேளையில் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்து பைப் பிடிப்பாராம். வாரக் கடைசியில் லண்டன் பக்கம் குராய்டனில் இருந்த குடும்பத்தைப் பார்க்கச் சைக்கிளில் போவாராம். சுமார் எழுபது மைல்! ஆறு நாள் தண்ணீருக்கடியில் கிடந்துவிட்டு எழுபது மைல் சைக்கிள். திரும்பி வருவது மட்டும் ரயிலில். நம்மில் சிலர் ஹாஸ்டலிலிருந்து மெஸ்ஸுக்கே வண்டியில் போனவர்கள். பேர் சொல்லவில்லை.

1912 ஜூலை 15-ஆம் தேதி நன்றி வழிபாடு நடந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தார். அந்த ஊர்க் காவல் புனிதர் ஸ்விதினுக்கு உரிய நாள் அது. அன்றைக்கு மழை பெய்தால் நாற்பது நாள் விடாமல் பெய்யும் என்பது இங்கிலாந்தில் பழைய நம்பிக்கை. தண்ணீரோடு போராடி முடித்த வேலைக்குப் பொருத்தமான நாள்தான். வாக்கருக்கு அரச விருது கிடைத்தது. ஆறே வருஷம். 1918-ல், உலகம் முழுக்கப் பரவிய அந்த விஷக் காய்ச்சலில், நாற்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பேராலயத்தில் வழிகாட்டும் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற மனிதர், சம்பளம் வாங்காமல் வருகிறவர். நான் அஸ்திவாரத்தைப் பற்றி மூன்றாவது கேள்வி கேட்டதும், "நீங்கள் எஞ்சினியரா?" என்றார். ஆமாம் என்றதும், கிழக்குக் கோடிக்கு அழைத்துப் போய்ச் சின்னதாக ஒரு சிலையைக் காட்டினார். டைவர் உடுப்பில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வாக்கர். "இது இரண்டாவது சிலை" என்றார். "முதல் சிலை என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன்.

1964-ல் வாக்கருக்கு நன்றியாக ஒரு சிலை செய்யச் சொன்னார்கள். சார்லஸ் வீலர் என்ற பெரிய சிற்பி. அவரிடம் கொடுத்த பழைய போட்டோவில் பலர் இருந்தார்கள். அதில் எந்த முகம் வாக்கர் என்பதில் குழப்பம். சிலை வந்தது. உடுப்பு வாக்கருடையது. முகம் எஞ்சினியர் ஃபாக்ஸுடையது! தவறு தெரிந்தும் அது அங்கேயே நின்றது. 2001-ல்தான் கிளின் வில்லியம்ஸ் என்ற சிற்பி செய்த புதிய சிலையை, சரியான முகத்தோடு வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தேழு வருஷம்.

பெரியவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்த்த பாலம் ஒன்றின் ஓரத்தில் கல்வெட்டு இருக்கிறது. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று பதினோரு பேர். அந்தப் பாலத்துக்குக் கிணறு இறக்கியபோது ஒரு கிணறு பாறையில் மாட்டிச் சாய்ந்து நின்றது. தண்ணீரில் மூழ்கிப் பாறையைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் உடைக்க வேண்டும் என்று சொன்ன ஆள் ஒருவர் உண்டு. டிராயிங்கைப் பார்த்து நாங்கள் போட்ட கணக்கைவிட அவர் கை சொன்னது சரியாக இருந்தது. கல்வெட்டில் அவர் பெயர் இல்லை. இருக்கும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஃபாக்ஸைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பம்பு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் அவருக்கு இல்லாமல் போயிருந்தால் வாக்கர் அந்த ஊருக்கே வந்திருக்க மாட்டார். தன்னந்தனியாக இரண்டு கையால் தேவாலயத்தைக் காப்பாற்றினார் என்று வாக்கரைப் பற்றி எழுதுகிறார்களே, அதுவும் முழுசாகச் சரியில்லை. மேலே உட்கார்ந்து காற்றுப் பம்பைச் சுற்றியவன் ஒரு நிமிஷம் அசந்திருந்தால் கீழே ஆள் இல்லை. ஒன்பது லட்சம் செங்கலை வாக்கரா வைத்தார்? நூற்றுக்கு மேற்பட்ட கூலிக்காரர்கள், கொத்தனார்கள். அவர்களில் யாருக்கும் சிலை இல்லை, தப்பான முகத்தோடுகூட இல்லை.

இதே பேராலயத்தின் வடக்குப் பக்க நடையில் ஜேன் ஆஸ்டின் சமாதி இருக்கிறது. ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் அதற்காகவே வின்செஸ்டர் போவார்கள். வைத்தியத்துக்காக 1817 மே மாதம் இங்கே வந்து, ஜூலை 18-ல் நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார். காலேஜ் ஸ்ட்ரீட்டில் அவர் கடைசியாகத் தங்கிய மஞ்சள் வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். சமாதிக் கல்லில் அவருடைய நல்ல குணம், பக்தி, அறிவு எல்லாம் எழுதியிருக்கிறது. நாவல் எழுதினார் என்று ஒரு வார்த்தை இல்லை! அதைச் சொல்ல 1872-ல் பக்கத்துச் சுவரில் தனியாக ஒரு பித்தளைத் தகடு அடிக்க வேண்டி வந்தது. பெட்டிகளில் கிடக்கும் பழைய மன்னர்களின் எலும்புகள் கதையும் ஏறக்குறைய இதுதான். 1642-ல் உள்நாட்டுப் போர் வீரர்கள் அவற்றை எடுத்துக் கண்ணாடி ஜன்னல்கள் மேல் எறிந்து விளையாடினார்கள். எலும்பெல்லாம் கலந்துபோயிற்று. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்து, குறைந்தது 23 பேருடைய எலும்புகள் அவை என்று 2019-ல் சொன்னார்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர்களோ அதைவிடக் குறைவு. உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, 1660-ல் மேற்கு ஜன்னலில் கிடைத்தபடி ஒட்டிவிட்டார்கள். படம் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் வந்தபோது பார்த்தேன். ஒழுங்கான ஜன்னலைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

பேராலயத்திலிருந்து ஆற்றோரமாகப் புல்வெளி வழியே ஒரு மைல் நடந்தால் செயின்ட் கிராஸ் என்ற பழைய தர்ம ஸ்தாபனம். 1130-களில் ஏழை முதியவர்களுக்காக ஏற்பட்டது. இன்றைக்கும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அங்கே வாசலில் கேட்கிற வழிப்போக்கருக்கு ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சின்னக் கோப்பை பீரும் தருகிறார்கள். கேட்டால்தான் தருவார்கள், கேட்காமல் தரமாட்டார்கள். நான் கேட்டேன். ரொட்டியோடு நிறுத்திக்கொண்டேனா என்று எங்கள் பேட்ச் நண்பர்கள் கேட்கக் கூடாது. முதல்வர் ஐயா முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

உங்களில் யாராவது படிக்கவோ வேலைக்கோ அந்தப் பக்கம் போனால், ஒரு யோசனை. குளிர்காலத்தில் போங்கள். கோடையில் ஊர் அழகு, ஆனால் நிலவறையில் தண்ணீர் வற்றியிருக்கும். முதலில் நிலவறைக்கு இறங்குங்கள், பிறகு கிழக்குக் கோடிக்குப் போய்ச் சுவரின் சாய்வைக் கண்ணால் அளந்து பாருங்கள், இன்னும் தெரியும். பிறகு அந்தச் சின்னச் சிலை. வட்ட மேஜையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டும் பெரியவர்களிடம் அஸ்திவாரத்தைப் பற்றிக் கேளுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். வாழை இலை போட்டாயிற்று என்று நினைக்கிறேன்.